ஏரிக்கு முதுகு காட்டிய வீடுகள்

காஞ்சனாவைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் பெயர் கட்டிண்ட்லு. பாலசமுத்திரம் மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஒரு பெரிய ஏரியின் வடக்கு ஓரமாக இருக்கிற குடியிருப்பு. ஊர் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். ஒரே ஒரு வரிசை வீடு. ஒரு வீட்டுச் சுவரோடு அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி, ரயில் பெட்டி கோத்த மாதிரி நீளமாகப் போகும். அந்தண்டை ஒரு கங்கம்மா கோயில், இந்தண்டை ஒரு தண்ணீர் டேங்க். அவ்வளவுதான்.

அவள் பிறந்தது நகரியில். நைனா பவர்லூமில் தறி ஓட்டினார். விடிந்தால் அடைந்தால் தடக் தடக் என்று தறிச் சத்தம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அதனால் தரகர் வந்து, "பையன் வூடு ஏரி ஓரத்துல கீது" என்று சொன்னபோதே காஞ்சனா மனசுக்குள் சரி சொல்லிவிட்டாள். பையன் வெங்கடரமணனைப் பார்த்தது அதற்கு அப்புறம்தான்.

கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் எழுந்ததும் ஏரியைப் பார்க்க ஜன்னலைத் தேடினாள். பின்பக்கச் சுவரில் ஜன்னலே இல்லை. பின்கதவும் இல்லை. வாசலுக்கு வந்தாள். வாசல் வடக்கே பார்த்திருந்தது. எதிரே மாந்தோப்பும் அதற்கப்பால் தார் ரோடும்தான் தெரிந்தன. வரிசையின் கடைசி வீடு வரைக்கும் நடந்துபோய்ச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்தாள். ஏரி இருந்தது. தூரத்தில், கருவேல முள்ளுக்கு அந்தப் பக்கம், தண்ணீர் மின்னிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தால் ஒரே நீளச் சுவர். முனையிலிருந்து முனை வரைக்கும் ஒரு பொந்துகூட இல்லை.

வெங்கடரமணன் வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, எல்லா வூடும் எதுக்கோசரம் ஏரிக்கு முதுவ காட்டிக்கினு கீது?"

அவன் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தான். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் இருக்கிறான். அப்படி ஒரு கேள்வி அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"தெரியலியே. எப்பவும் அப்பிடித்தான் கீது."

காஞ்சனாவின் சுபாவம் அது. நகரியில் பள்ளிக்கூடம் போகும்போதே டீச்சர்கள் அவள் கை தூக்கினால் கடியாரத்தைப் பார்ப்பார்கள். ஒன்றைப் பார்த்தால் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் சோறு இறங்காது என்றில்லை, ஆனால் துன்னுகிற சோறு ருசிக்காது.

மாமனார் முனிரத்தினத்திடம் கேட்டாள். "ஏரிக்காத்து ஒடம்புக்கு ஆவாதும்மா" என்றார். ஆனால் அவரே வெயில் காலத்தில் ஏரி ஓரம் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக்கொண்டு மதியம் முழுக்கத் தூங்குவார். கோயிலில் விளக்கு வைக்கிற அம்மா, ஏரியில் கன்னிமார்கள் குளிக்கிறார்கள், ஜன்னல் வைத்துப் பார்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றாள். கடைசி வீட்டு சுனில் சித்தூரில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அவன் வாஸ்து என்றான்.

பக்கத்து வீட்டு தபீதாள் அக்கா மட்டும் சிரித்தாள். அவளுடைய புருஷன் சத்தியநாதனின் தாத்தா, மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியாராகச் சித்தூரிலிருந்து இங்கே வந்தவர். பள்ளிக்கூடம் எப்போதோ மூடிவிட்டது. குடும்பம் தங்கிவிட்டது.

"எங்க மாமியாரு பாம்பு வரும்னு சொல்வாங்க. நானும் இங்க வந்து எத்தினியோ வருசமாச்சு. பாம்ப எப்பவும் முன்வாசல்லதான் பாத்துக்கினு கீறேன்."

ஊரின் பெயர் வேறு அவளைக் குடைந்தது. தெலுங்கில் கட்ட என்றால் ஏரிக்கரை. இண்ட்லு என்றால் வீடுகள். கரைவீடுகள். ஆனால் கரை இங்கே இல்லையே? ஏரியின் கரை கிழக்குப் பக்கம், ஒரு மைலுக்கு அந்தண்டை, பெரிய மண்மேடாகத் தெரிகிறது. மதகு, உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் எல்லாம் அங்கேதான். கரை ஓரிடத்தில் இருக்க, கரைவீடுகள் என்கிற பெயர் எப்படி இங்கே வந்து ஒட்டிக்கொண்டது?

விசாரித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த வீடுகளைக் கட்டினவர்கள் யாரும் இங்கே இல்லை. சத்தியநாதன் குடும்பம் தவிர, இப்போது இருக்கிறவர்களின் முன்னோர்கள் எல்லாரும் பள்ளிப்பட்டு, திருத்தணிப் பக்கமிருந்து பயிர் செய்ய வந்தவர்கள். வந்தபோது வீடுகள் காலியாகக் கிடந்தன. கூரை இல்லை, சுவர் மட்டும் நின்றது. மேலே கூரை போட்டுக்கொண்டு குடியேறிவிட்டார்கள். கட்டினவர்கள் யார், எங்கே போனார்கள் என்று அப்போதே யாரும் கேட்கவில்லை.

"காலியா ஒரு ஊரே கெடந்தா, ஏன் காலியாச்சின்னு கேக்க மாட்டாங்களா மாமா?"

"கேட்டுக்கினு நின்னா மழைக்குள்ள வெத வெதைக்கிறது யாரும்மா?" என்றார் முனிரத்தினம்.

வருஷங்கள் போயின. பிள்ளைகள் பிறந்து பாலசமுத்திரத்துக்குப் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தார்கள். காஞ்சனா வீட்டின் ஒரு அறையில் பால் சென்டர் வைத்தாள். காலையும் சாயங்காலமும் சுற்று வட்டாரத்திலிருந்து பால் கொண்டுவருவார்கள். அவள் ஃபேட் மெஷினில் பாலின் கொழுப்பைச் சோதித்து, சீட்டு கொடுத்து, கேனில் ஊற்றிவைப்பாள். ரமணா என்கிற டிரைவர் வேன் கொண்டுவந்து சித்தூருக்கு ஏற்றிக்கொண்டு போவான். அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. ஊர் ஊராகப் போகாமலே பத்து ஊர்க் கதை வாசலுக்கு வந்தது.

ஆனால் அந்த அறை வெக்கையில் அவிந்தது. மெஷின் சூடு, கேன் நீராவி, கூட்டத்தின் மூச்சு. பின்சுவரில் ஒரு ஜன்னல் வைத்தால் ஏரிக்காற்று நேராக உள்ளே வரும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வெங்கடரமணனைச் சம்மதிக்க வைத்துவிட்டாள். காற்று என்றது பாதி நிஜம். மீதி என்னவென்று அவனுக்கும் தெரியும்.

கொத்தனார் சிரஞ்சீவி காலையில் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மத்தியானம் முடிந்துவிடும் என்றான். மத்தியானம் அவனுடைய உளி முனைதான் மழுங்கியிருந்தது. மண்பூச்சுக்கு உள்ளே கருங்கல். ஒவ்வொன்றும் ஆள் நீளம். நெடுக்கில் ஒரு கல், குறுக்கில் ஒரு கல் என்று ஒன்றையொன்று கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன. மூன்றாம் நாள்தான் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தது.

"இது வூட்டுச் செவுரு இல்லக்கா. கோட்டச் செவுரு" என்று சிரஞ்சீவி வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

காஞ்சனா வெளியே போய்ப் பார்த்தாள். உள்ளே நேராக நின்ற சுவர் வெளியே சரிவாக இருந்தது. அடியில் அகலம், மேலே போகப் போகக் குறுகல்.

"இது ஏன் இப்பிடிச் சாஞ்சிருக்குது?"

"பழைய ஆளுங்கக்கா. மட்டம் புடிக்கத் தெரிஞ்சிருக்காது."

உள்பக்கம் தூக்குநூல் பிடித்த மாதிரி நிற்கிறதே என்று அவள் நினைத்தாள். அதற்குள் ஜன்னல் சட்டம் வந்துவிட்டது. அந்த நினைப்பு அப்படியே நின்றது.

ஜன்னல் வந்ததும் அந்த அறையே மாறிப்போனது. முள்ளுக்கு அந்தப் பக்கம் ஏரித்தண்ணீர், அதில் நாரைகள், மேய்ந்துவிட்டுத் திரும்புகிற எருமைகள். பால் ஊற்ற வந்தவர்கள் சீட்டு வாங்கின பிறகும் போகாமல் ஜன்னலோரம் நின்றார்கள். தபீதாள் டீ டம்ளரோடு வருவாள். "காஞ்சனா டிவி" என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. சுனிலுக்கும் ஆசை வந்தது. அவன் ஒரு ஜன்னலோடு நிறுத்துவதாக இல்லை. கோடையில் பழைய வீட்டை மொத்தமாக இடித்துவிட்டு, ஏரியைப் பார்க்க மாடி வீடு கட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. முதலில் எல்லாருக்கும் சந்தோஷம். அந்த ஏரி நிறைந்து யாரும் பார்த்ததில்லை. பாதி ஏரிக்கே கங்கம்மாவுக்குப் பொங்கல் வைத்தவர்கள் அவர்கள். சத்தியநாதன் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் நடந்தது. மழை விடவில்லை. தண்ணீர் முள்செடிகளைத் தாண்டியது. பிறகு முள்செடிகளே தெரியவில்லை. பிறகு சுவரோரம் வந்து நின்றது. பிள்ளைகள் கூரைமேல் ஏறி நின்று கைதட்டினார்கள்.

மறுநாள் காலை, பால் நேரம். மழையில் பால் கொண்டுவந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். காஞ்சனா மெஷினில் கண்ணாக இருந்தபோது முதுகுப்பக்கம் சளசளவென்று சத்தம் கேட்டது. ஜன்னல் அடிச்சட்டத்தைத் தாண்டி ஒரு விரல் கனத் தண்ணீர் சுவரில் வழிந்துகொண்டிருந்தது. சாரல் என்று நினைத்துத் துணியை எடுத்துக்கொண்டு போனாள். ஜன்னல் கதவைத் திறந்தாள்.

அவள் இடுப்பு உயரத்தில் ஏரி நின்றது.

ஒரு நிமிஷம் அவளுக்கு எதுவும் புரியவில்லை. தரையைப் பார்த்தாள். கால் காய்ந்த சிமெண்டில் நிற்கிறது. வாசலைப் பார்த்தாள். அங்கே படிகள் இறங்கி, மாந்தோப்பு இன்னும் கீழே இருக்கிறது. திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அத்தனை தண்ணீரும் அவள் இடுப்பு மட்டத்துக்கு நிற்கிறது. நடுவில் இருப்பது இந்தச் சுவர் மட்டும். அந்தச் சுவரில் ஓட்டை போட்டவள் அவள்.

"ஏங்க! ஓடியாங்க! ஏரி வூட்டுக்குள்ள வருது!"

வெங்கடரமணன் மாட்டுக்கொட்டகையிலிருந்து ஓடிவந்தான்.  மாட்டுத் தீவன மூட்டையைத் தூக்கி ஜன்னலில் அடைத்தான். தண்ணீர் அதைப் பஞ்சு மூட்டை மாதிரி உள்ளே தள்ளியது. சுனில் வந்தான், சத்தியநாதன் வந்தான், பால்கேன்கள் உருண்டன, கறந்த பால் தரையெல்லாம் ஓடியது. ஜன்னலின் ஒரு மூலையில் சிமெண்ட் பெயர்ந்து ஓட்டை பெரிதாகத் தொடங்கியது. உள்ளே வந்த தண்ணீர் வாசல்படி வழியாக இறங்கி, படிக்குக் கீழே மண்ணை அறுக்க ஆரம்பித்தது. அந்தச் சரிவில் அது பள்ளம் பறித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கீழே தோப்பு, தோப்புக்குக் கீழே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஊர்.

தபீதாள்தான் கத்தினாள். "உள்ளருந்து தள்ளினா நிக்காது! வெளிய ஏதாவது போத்துங்க! தண்ணியே அத உள்ள இஸ்துக்கும்!"

வேர்க்கடலை காயவைக்கிற தார்ப்பாயை மடித்து, கீழ் ஓரத்தில் கற்களைக் கட்டி, வெங்கடரமணனும் சுனிலும் கூரைமேல் ஏறினார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெங்கடரமணன் ஏரிப்பக்கம் இறங்கினான். உள்ளே காஞ்சனா மூட்டையில் முதுகை முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றாள். அவனுடைய கால் சுவரில் உரசும் சத்தம் அவளுக்குக் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. மூட்டைக்குப் பின்னால் தண்ணீர் ஒரே இரைச்சல்.

"இன்னாங்க! கீறீங்களா?"

பதில் இல்லை. மறுபடி கத்தினாள். அப்போது சடாரென்று ஒரு சத்தம். தார்ப்பாய் ஜன்னலை அப்பிக்கொண்டு உள்பக்கமாகப் புடைத்து, அப்படியே நின்றது. வழிந்த தண்ணீர் கசிவாகக் குறைந்தது. மேலிருந்து வெங்கடரமணன் இருமுவது கேட்டது. காஞ்சனா அப்போதுதான் அழுதாள்.

அதற்கப்புறம் கல்லும் மணல் மூட்டையுமாக அறையையே பாதி அடைத்தார்கள். சாயங்காலம் மழை ஓய்ந்தது. கிழக்கே கலங்கல் வழிந்து, தண்ணீர் சுவரில் ஒரு சாண் இறங்கியது.

ஆபத்து நீங்கினதும் கோபம் வந்தது. சுனிலின் பெண்டாட்டி அகிலா தெருவில் நின்று கேட்டாள்: "எல்லாரும் சும்மா இருக்கும்போது இவளுக்கு மட்டும் எதுக்கு ஜன்னலு? ஊரையே முழுவடிச்சிருப்பாளே!" யாரும் அகிலாவை அடக்கவில்லை. முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.  அகிலா சொன்னது உண்மைதானே என்று காஞ்சனாவுக்கும் பட்டது.

தபீதாள் தன் வாசலிலிருந்து எழுந்து வந்தாள்.

"அகிலா, கோடைல உங்க வூட்டயே இடிக்கிறதா இருந்தீங்க இல்ல? அவ ஜன்னலு வெச்சா. நீங்க முழுச் செவுத்தயும் எடுத்திருப்பீங்க. அப்பறம் இந்த மழ வந்திருந்தா?"

அகிலா வேகமாக உள்ளே போய்விட்டாள்.

ஆனாலும் காஞ்சனாவுக்கு மனசு ஆறவில்லை. கொஞ்ச நாள் அவள் யாரையும் எதையும் கேட்கவில்லை. பாலைச் சோதித்தாள், சீட்டைக் கொடுத்தாள், அவ்வளவுதான். பால் ஊற்ற வருகிறவர்களுக்கே அது கஷ்டமாக இருந்தது. வெங்கடரமணன் ஒருநாள் சாப்பிடும்போது தானாகவே, "இந்த ஏரில மீனு ஏன் தலைய மேல தூக்கிக்கினு நீந்துது?" என்று கேட்டான். மீன் அப்படியெல்லாம் நீந்தவில்லை. அவளைப் பேசவைக்கத்தான் கேட்டான் என்று தெரிந்து அவள் சிரித்துவிட்டாள்.

தண்ணீர் வடிந்தபிறகு இரிகேஷன் ஆபீசிலிருந்து உதவி இன்ஜினியர் பவன்குமார் வந்தார். சின்ன வயசு. முக்காலி மேல் மட்டம் பார்க்கிற கருவியை வைத்துக்கொண்டு ஏரியோரமெல்லாம் நடந்தார். காஞ்சனா கூடவே நடந்தாள். அவளுக்கு ஒரு யோசனை உருவாகியிருந்தது. "சார், இதுதான் பழைய ஏரியோட கரையா இருக்கும். அப்பறமா ஏரிய பெருசாக்கி, கரைய அங்க மாத்திட்டாங்க. சரிதானே?"

அவர் பகல் முழுக்க அளந்துவிட்டு, சாயங்காலம் அவள் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே தெலுங்கில் சொன்னார். அப்படி இல்லையம்மா. ஒரு தாம்பாளத்துக்கு ஒரு பக்கம் விளிம்பு உடைந்திருந்தால் அந்தப் பக்கம் அடைக்கிறோம். இந்த ஏரிக்கு ரெண்டு பக்கம் விளிம்பு தாழ்வு. கிழக்கே பெரிய தாழ்வு, அங்கே பெரிய கரை. இங்கே சின்னத் தாழ்வு. கண்ணுக்குத் தெரியாது. ஏரி நிறைந்தால்தான் தெரியும். அதனால் இங்கேயும் ஒரு கரை போட்டிருக்கிறார்கள். மண்ணால் இல்லை, கல்லால். உங்கள் வீடுகளின் பின்சுவர்தான் அந்தக் கரை. ரெண்டு பக்கமும் முள்ளுக்குள்ளே அது மேடாகப் போவதை இன்றைக்குப் பார்த்தேன்.

"அப்பிடின்னா கரைமேல எதுக்கு சார் வூடு?"

"அது அளந்து சொல்ல முடியாதும்மா" என்று அவர் சிரித்தார். "காவலுக்கு ஆளை வெச்சிருப்பாங்க. தன் வீட்டுச் சுவர்னா கசிஞ்சா உடனே பாத்துக்குவாங்க. இது என் ஊகம்தான்."

காஞ்சனா அன்றைக்கு நிறைய நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தன் யோசனை தப்பு என்று தெரிந்ததில் அவளுக்கு வருத்தமே இல்லை. இவ்வளவு கெட்டியாக யோசித்தவர்கள் யாராக இருப்பார்கள் என்பதுதான் இப்போது அரித்தது.

ஆபீசிலிருந்து ஆள் வந்து ஜன்னலைக் கல்லும் சிமெண்டுமாக அடைத்துவிட்டுப் போனார்கள். சுனில் மாடி வீட்டைத் தோப்புப் பக்கம் கீழே கட்டிக்கொள்வதாக முடிவு செய்தான். பால் சென்டருக்கு வெங்கடரமணன் ஒரு ஃபேன் வாங்கி மாட்டினான். காஞ்சனா மறுபடி கேட்க ஆரம்பித்தாள். இந்தத் தடவை வேன் டிரைவர் ரமணாவைப் பிடித்தாள். சித்தூர் போகிறாய், பத்து வேன் டிரைவர்கள் அங்கே கூடுகிறார்கள், கட்டிண்ட்லுவை விட்டுப் போன குடும்பம் எங்கேயாவது இருக்கிறதா என்று கேள் என்றாள். ரமணாவின் சொந்த ஊர் பங்காருபாளையம் பக்கம். கேட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். தினமும் கேட்டாயா என்றாள். தினமும் கேட்டேன் என்றான்.

மாங்காய் சீசன் முடிந்து ஒரு நாள், பால் வேனின் முன்சீட்டிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, பங்காருபாளையம் மண்டியில் மாங்காய் வியாபாரம். பெயர் கிருஷ்ணப்பா. ரமணா பெருமையாக அவரை முன்னால் தள்ளிவிட்டு நின்றான்.

"வீள்ள தாத்தா இக்கடோடே அக்கா" என்றான். இவருடைய தாத்தா இந்த ஊர்க்காரர்தானாம்.

கிருஷ்ணப்பா பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசினார். தாத்தா கல்வேலைக்காரர். ஏரிக்கு முதுகைக் கொடுத்துத் தூங்குகிற ஜனம் நாங்கள் என்று இவருடைய அப்பா சொல்வாராம். அதற்கு என்ன அர்த்தம் என்று இவருக்குத் தெரியாது. வேன்காரன் கேட்டுக்கொண்டு வந்தபோதுதான் ஞாபகம் வந்ததாம்.

காஞ்சனா கேனை வைத்துவிட்டு வந்து கேட்டாள். "ஏன் போயிட்டாங்க? வெள்ளமா? காலராவா? யாராவது வெரட்டினாங்களா?"

பெரியவர் தலையாட்டினார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. மழ பெய்யல. வருசா வருசம் பெய்யல. ஏரிக்குத் தண்ணியே வரல. தண்ணி வராத ஏரிக்குச் செவுத்தக் காக்குறவன் எதுக்கு? கல்லு வேல கெடைக்கிற எடத்தப் பாத்துப் போயிட்டாங்க."

அவள் எத்தனையோ காரணம் நினைத்து வைத்திருந்தாள். இதை நினைக்கவில்லை. அவரைப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சரிந்த சுவரைக் காட்டினாள். அவர் முனையிலிருந்து முனை வரைக்கும் மெதுவாக நடந்தார். ஒரு இடத்தில் நின்று, கல்லும் கல்லும் சேர்கிற இணைப்பில் நகத்தை நுழைக்கப் பார்த்தார். நுழையவில்லை. திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டார்.

தபீதாள் வீட்டிலிருந்து களியும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. சாப்பிட்டு முடித்ததும் கிருஷ்ணப்பா கூச்சத்தோடு கேட்டார்: "தாயி, இங்க கொஞ்சம் படுத்துக்கலாமா?"

பால் சென்டர் அறையிலேயே, பின்சுவரை ஒட்டி, காஞ்சனா ஒரு பாயை விரித்துக்கொடுத்தாள். அவர் சட்டையைக் கழற்றி மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, சுவரில் முதுகு படும்படி ஒருக்களித்துப் படுத்தார். பயணக் களைப்பு, உடனே தூங்கிப்போனார். சாயங்காலப் பால் நேரம் வந்தும் எழுந்திருக்கவில்லை. காஞ்சனா மெஷினை வாசலுக்குத் தூக்கிவந்து வைத்துக்கொண்டாள். பால் கொண்டுவந்தவர்களிடம் உள்ளே கையைக் காட்டி, "கேன மெதுவா வெய்யுங்க" என்று மட்டும் சொன்னாள்.